கால்மாட்டில் இரண்டடி

சவப்பெட்டி நீளமாக இருந்தது. தச்சர் சைலஸ் பென்னாவும் அவர் தம்பியும் அதைத் தூக்கி வந்து கூடத்து நாற்காலிகள் மேல் வைத்தபோதே கெசியாவுக்குக் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே படுக்கப் போகிறவள் ஐந்தடியைத் தொடாத குள்ளச்சி. பெட்டியில் வாட்டசாட்டமான சுரங்கத்து ஆள் ஒருவன் தாராளமாகக் கால் நீட்டலாம்.

"அளவு தப்பிப் போச்சா?" என்று கேட்டாள்.

"என் கையில அளவு தப்புமா?" சைலஸ் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "பாஸ்கோ அம்மாவே போன மாசம் பட்டறைக்கு வந்து சொன்னாங்க. கால்மாட்டுல ரெண்டடி அதிகமா விடு சைலஸுன்னாங்க. எதுக்கும்மான்னேன். கெசியா பார்த்துக்குவா, அவளுக்குத் தெரியும்னாங்க. உனக்குத் தெரியும்ல?"

கெசியாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்து எதற்கும் தலையாட்டியே பழகியவள். இன்றும் ஆட்டினாள்.

அண்ணனும் தம்பியும் கட்டிலிலிருந்து உடலைத் தூக்கிப் பெட்டியில் கிடத்தினார்கள். காலை நேராக நீட்டிவிட்டார்கள். பாதத்துக்குக் கீழே வெறும் பலகை வெள்ளையாகத் தெரிந்தது.

"மூணரைக்கு வந்து மூடியை முடுக்கறேன். நாலு மணிக்கு எடுக்கறாங்க," என்றார் சைலஸ். "சுரங்கத்துக் கேப்டன் பம்பு இன்ஜினையே கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லிட்டாராம். அவரோட அப்பா செத்தப்பகூட நிறுத்தல. வாழ்ந்தா இப்படி வாழணும்."

வாழ்ந்தாள்தான், யார் இல்லை என்றது? பிலிப்பா பாஸ்கோ இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்தபோது இந்த ஊரில் செம்பு எடுக்கும் குழி இரண்டும் கூடாரம் நாற்பதும்தான் இருந்தனவாம். அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தார்கள். செத்தவர்களைக் கழுவி, தாடை கட்டி, கண்ணை மூடிவிட்டதும் அதே கைதான். சபையில் முதல் பெஞ்சு அவளுக்கு. பிரசங்கியார் அடிலெய்டுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கும் குறிப்பில் 'எங்கள் ஊரின் தாய்' என்று போட்டிருக்கிறாராம். தாய் என்ற சொல்லைக் கேட்டதும் கெசியாவுக்கு வாயெல்லாம் கசந்தது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, தனிக் குழியும் கிடையாது. அந்த வாரம் யார் செத்தாலும் அவர் காலடியில், சவப்பெட்டிக்குள்ளேயே, துணியில் சுற்றிச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். அப்படியாவது அதற்குச் சபை மண் கிடைக்கும். பிரசவமும் பிணமும் ஒரே கையில் இருந்ததால் பாஸ்கோ அம்மாவுக்கு இது சுலபமான காரியம்.

கெசியாவின் குழந்தைக்கும் அதுதான் நடந்தது என்றார்கள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைக்குக் காரணமானவன் இன்றைக்கும் சபையில் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிறான். இந்த வீட்டு அடுக்களையில்தான் அவள் பெற்றாள். பெற்றதைத் தன் நீலக் கட்டம் போட்ட உள்பாவாடையைக் கிழித்து அவளே சுற்றிக் கொடுத்தாள். கதவு மூடியபின் ஒரு அழுகை கேட்டது. ஒரே ஒரு தடவை.

"அது பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி," என்றாள் பாஸ்கோ அம்மா. "உன்னது செத்தே பிறந்துச்சு. நல்ல மனுஷர் காலடியில வச்சிடறேன். அழாதே."

யார் காலடி என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த வாரம் ஊரில் புதைத்தது மூன்று பேரை. கெசியா மூன்று கல்லறைக்கும் மாறி மாறிப் போய்க் களை பிடுங்கினாள். மூன்றில் ஒன்றில் தன் பிள்ளை இருக்கிறது என்ற நினைப்பில், அதைச் செய்துகொடுத்தவளின் வீட்டிலேயே தரை துடைத்துக் காலம் தள்ளினாள்.

வெளியே வடகாற்று செம்மண்ணை வாரிச் சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, இழுத்துவிட்ட திரைகளுக்குப் பின்னால் அறை முழுக்கப் பழுப்பு வெளிச்சம், மேட்டிலிருக்கும் பம்பு இன்ஜின் இரவும் பகலும் இடிக்கும் இடியில் அலமாரித் தட்டுகள் எப்போதும்போல மெல்ல நடுங்கின, காடி, கற்பூரம், புது மரம் என்று ஒவ்வொரு வாசனையாக வந்து போனபின் கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒன்று எழுந்து வந்தது. திரிந்த பால். நேற்றிலிருந்து வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது.

அவள் மோப்பம் பிடித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போனாள். காலியான கட்டிலுக்கு அடியில் மண்தரை ஈரமாக இருந்தது. நவம்பரிலிருந்து மழை இல்லை, தண்ணீர்த் தொட்டி கால்வாசிக்குப் போய்விட்டது, சனிக்கிழமைதோறும் தரையைத் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்துகிறவளும் அவள்தான். ஆனால் அந்தக் கட்டிலுக்கு அடியில் மட்டும் அவள் கை பட்டதே இல்லை. அங்கே நான் பார்த்துக்கறேன், நீ போ என்று பாஸ்கோ அம்மா துரத்திவிடுவாள்.

கட்டிலை நகர்த்தினாள். அடுப்புச் சாம்பல் அள்ளும் இரும்புக் கரண்டியால் தோண்டினாள். ஒரு முழம்கூடப் போகவில்லை, கரண்டி மரத்தில் இடித்தது.

சுரங்கத்துக்கு மெழுகுவர்த்தி வரும் சின்னப் பெட்டிகள். நான்கு. ஆணி அடித்தவை. கடைசிப் பெட்டியின் மூடி இடுக்கில் ஒரு துணி நுனி மாட்டியிருந்தது. மண்ணைத் துடைத்தாள். நீலக் கட்டம்.

பின்கதவு திறந்தது. அடுத்த வீட்டு எலைசா நான்ஸ், வருகிறவர்களுக்குக் கொடுக்கக் குங்குமப்பூக் கேக்கோடு வந்து நின்றாள். குழியைப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"இது என்னன்னு தெரியுமா எலைசா?"

"ரெண்டாவது என் தங்கச்சியோடது." கேக்கை மேசையில் வைத்துத் துணியைச் சரிசெய்தாள். "ஊர்ல யாருக்குத்தான் தெரியாது? பேர் கெட்டுப்போற மாதிரி ஒண்ணு வந்தா இங்க வருவாங்க. அம்மா முடிச்சுக் கொடுத்துடும். தெரியாதவ நீ ஒருத்திதான்."

"செத்துப் பிறந்ததைச் சவப்பெட்டியிலதானே வப்பாங்க?"

"செத்துப் பிறந்ததை, ஆமா. அதை நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்ல." எலைசா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பார்த்தா எப்படிச் செத்துச்சுன்னு கேட்பாங்கங்கற மாதிரி இருந்ததைத்தான் அம்மா இங்க வச்சுச்சு."

"அழுதுச்சு எலைசா. என் காதால கேட்டேன்."

"நாங்களும்தான் கேட்டோம். இன்ஜின் சத்தம்னு சொல்லிக்கிட்டோம்."

கெசியா நீலத் துணி தெரிந்த பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சபை வாசப்படியில கொண்டுபோய் வைக்கிறேன். எல்லாரும் தாண்டிக்கிட்டுப் போகட்டும்."

"வை. போலீஸ்காரன் வண்டியில ஏத்தி அடிலெய்டுக்குக் கொண்டுபோவான். யாரோ ஒரு டாக்டர் மேசையில கொட்டிப் பார்ப்பான். அப்புறம் எந்தப் பள்ளத்துல போடுவானோ. சபை மண்ணு கிடைக்குமாடி அதுக்கு?" எலைசா கூடத்துப் பக்கம் கை காட்டினாள். "அங்க இடம் விட்டிருக்கே. பார்க்கல?"

பார்த்தாள். சாகும்போதும் கிழவி வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். தன் பாவத்தைத் தானே தூக்க முடியாமல், வேலைக்காரி தலையில். கெசியாவும் செய்யத்தான் செய்தாள். வேறென்ன செய்ய? மூன்று கல்லறையில் ஏமாந்தவளுக்கு இந்த ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும். நான்கு பெட்டிகளும் கால்மாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன. அளவு தப்பவே இல்லை. தன்னுடையதைக் கடைசியாக வைத்தாள். வைக்கும்போது உள்ளே ஏதோ நகர்ந்தது. எலும்புதானே, சாய்த்தால் நகரும். மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினாள்.

மூன்றரைக்கு வந்த சைலஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"காலை நீட்டித்தானே விட்டோம்?"

பிணத்தின் முழங்கால்கள் மடங்கியிருந்தன. பெட்டிகளின் பக்கம் பாதம் படாதபடி, சின்னப் பாதங்கள் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டிருந்தன.

"மூடுங்க," என்றாள் எலைசா.

ஊரே வந்திருந்தது. சுரங்கத்து ஆண்கள் ஆறு ஆறு பேராக மாற்றிச் சுமந்தார்கள், ஊர் வழக்கப்படி வழிநெடுகப் பாட்டு. குழிக்கரையில் கட்டைகள் மேல் பெட்டியை இறக்கினார்கள். பாட்டு முடிந்தது. பிரசங்கியார் தொண்டையைச் செருமினார். மேட்டில் இன்ஜின் நின்றது.

இருபது வருஷமாக நிற்காத சத்தம். அது நின்றதும் காது அடைத்துப்போனதுபோல எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காற்றுகூட அடங்கிவிட்டது. தொப்பி உரசுவது கேட்டது. ஈ பறப்பது கேட்டது.

பிறகு அது கேட்டது.

கால்மாட்டுப் பக்கம். பலகைக்கு உள்ளே. பசியில் எழுந்த குழந்தை முதலில் முனகுமே, அது. பின் அழுகை. ஒன்று. இன்னொன்று.

கயிறு பிடித்திருந்தவர்கள் அசையவில்லை. முன்வரிசைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூட என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

"திறங்க," என்றாள் கெசியா. "சைலஸ் அண்ணா, திறங்க. அது என்னோடது. உயிரோட இருக்கு."

சைலஸ் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். எலைசாவின் கை அவள் முழங்கையை இறுக்கியது. எலைசாதான் முதலில் பாடினாள், அழுதுகொண்டே. அடுத்து பிரசங்கியார். அடுத்து எல்லோரும். முன்னூறு தொண்டை. உள்ளே அழுகை ஏற ஏற, பாட்டும் ஏறியது. பெட்டி இறங்கியது. மண் விழுந்தது. மீண்டும் விழுந்தது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

கால் மணி நேரம் முடிந்ததும் சொன்னபடி இன்ஜின் ஓடத் தொடங்கியது. ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். அருமையான அடக்கம் என்று பேசிக்கொண்டே ஜனம் கலைந்தது. கெசியா மட்டும் அந்த மண்மேட்டின் கால்மாட்டில் நின்றாள். மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. குனிந்து பார்த்தாள். கறுப்பு உடையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பத்தொன்பது வருஷத்துப் பால், விளிம்பு வழியே சொட்டுச் சொட்டாகப் புது மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. விழ விழ, மண் அதைச் சப்பிக் குடித்தது.