சிவப்புக் கல் ஏழு

1989 மார்ச். ஹோர்சன்ஸ். காலை 8.10.

பதினாறு கற்கள் இருக்கவேண்டிய இடத்தில் பதினைந்துதான் இருந்தன.

சர்வதேச ஆண்கள் கேர்லிங் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. இருபது கிலோக் கருங்கல்லைப் பனித்தரையில் தள்ளிவிட, அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு அது. தும்புத்தடி பிடிக்கிறவனுக்கு ஊரே எழும்பிக் கைதட்டுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். எட்டுக் கற்களுக்குச் சிவப்புப் பிடி, எட்டுக்கு மஞ்சள். எல்லாம் எடை பார்த்துச் சோடி சேர்த்தவை. ஒன்று தொலைந்தால் மாற்றுக் கிடையாது. தொலைந்தது சிவப்பு ஏழு.

8.35. கல் அகப்பட்டது. துப்புரவு அறையில், சுடுநீர்த் தொட்டிக்குப் பின்னால், நிலம் துடைக்கும் துணியில் சுற்றிக் கிடந்தது. காலையில் அந்த அறையில் வேலை செய்கிறவன் ஒருவன்தான். நிர்மலன், மட்டக்களப்பான். டென்மார்க் வந்து மூன்று வருடமாகியும் டேனிஷ் அவனுக்கு நாக்கில் ஏறவில்லை.

அதனால்தான் 9.05க்குத் தவராஜா வந்து சேர்ந்தார்.

தவராஜா யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். இங்கே பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறார். பொலிஸ் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பார். மனைவி ஞானேஸ்வரி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறாள். அவளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கோப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் கிடக்கிறது. அந்த நாட்களில் இங்கிருந்த தமிழரில் பாதிப்பேருக்கு இதே கதைதான். கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். தவராஜா தினமும் தபால்பெட்டியைத் திறந்து, பிறகு பழி சொல்லுமாப்போல் அறைந்து மூடுவார்.

அலுவலக அறையின் மேசையில் சிவப்பு ஏழு இருந்தது. பனித்தரைக்குப் பொறுப்பான கிழவர் ப்ரேபன் அதற்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“கிடைத்து என்ன பயன்? கல் வெதுவெதுவென்று இருக்கிறது. இப்படியே வைத்தால் பனியில் குழி விழும். பகல் முழுக்கக் குளிரவிட வேண்டும்.”

“ஆட்டம் மாலையில் நடக்கட்டும்,” என்றார் பொலிஸ்காரர் ஹோல்ம். அவருக்கு விளையாட்டில் அக்கறையில்லை. தவராஜாவிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். “இரவு பத்துக்கு மண்டபத்தைப் பூட்டியது ப்ரேபனின் உதவியாளர் ஹென்ரிக். காலை ஆறரைக்குத் திறந்ததும் அவரே. உம்முடைய ஆளிடம் சாவி இல்லை. ஏழு மணிக்கு ஹென்ரிக் கற்களை எண்ணியிருக்கிறார். பதினாறும் இருந்தன. பிறகு அவர் கோப்பி குடிக்கப் போனார். எட்டு மணிவரை உள்ளே இருந்தது இவன் ஒருவன்.”

“எண்ணியது நிச்சயமா?” என்று ப்ரேபன் கேட்டார்.

கதவருகே நின்ற ஹென்ரிக் முன்னால் வந்தான். நாற்பது வயது, அகன்ற தோள். “எண்ணினேன். அதிலும் சிவப்பு ஏழின் அடியில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. பனியில் குனிந்து என் கையாலேயே துடைத்துவிட்டேன்.”

ஹோல்ம் எழுதிக்கொண்டார்.

9.15. நிர்மலனைக் கொண்டுவந்து இருத்தினார்கள். தவராஜாவைக் கண்டதும் அவன் முகம் இன்னும் இருண்டது. அதைத் தவராஜா கவனித்தார். தன்னைக் கண்டால் இவன் ஆறுதல்பட அல்லவோ வேண்டும்?

“கல்லை எடுத்தாயா?”

“இல்லை.”

“உன் அறைக்குள் எப்படி வந்தது?”

“தெரியாது அண்ணை. நான் அந்தத் தொட்டிப் பக்கம் போறதே இல்லை.”

ஹோல்ம் ஒரு கடித உறையை எடுத்து மேசையில் கொட்டினார். நிர்மலனின் அலுமாரியில் எடுத்த ரயில் பயணச்சீட்டுகள். “செவ்வாய்க்கிழமை கோப்பன்ஹேகன். கல்லை விற்கவா?”

நிர்மலன் தலையாட்டி மறுத்தான்.

“ஏன் போகிறாய்?”

“சொல்லேலாது.”

“சொல்லும் தம்பி,” என்றார் தவராஜா. “இப்பிடி இருந்தா கள்ளன் எண்டுதான் எழுதுவினம்.”

“பொலிசுக்குச் சொல்லப் பயமில்லை அண்ணை.” அவன் தரையைப் பார்த்தான். “உங்களுக்கு முன்னால சொல்லத்தான் ஏலாமக் கிடக்கு.”

தவராஜா சீட்டுகளைப் பார்த்தார். மூன்று இருந்தன. போக ஒன்று, வர இரண்டு. எண்ணி முடிப்பதற்குள் அவருக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

“திரேசா வாறாவோ?”

“ஓம் அண்ணை. போன மாசம் அனுமதிக் கடிதம் வந்தது. வந்து இறங்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, கண் பட்டுப்போகும் எண்டு அம்மா எழுதினவ. உங்கட அலுவல் அப்பிடியே கிடக்கேக்குள்ள...”

நிர்மலனின் மனைவி திரேசாவுக்கும் ஞானேஸ்வரிக்குமான இரண்டு விண்ணப்பங்களும் ஒரே நாளில் போனவை. இரண்டையும் நிரப்பியது தவராஜாவின் கை. நிர்மலனுக்குக் கையெழுத்து எங்கே போடுவதென்றுகூட அவர்தான் காட்டிக் கொடுத்தார். தெய்வமே, இவனுக்கு என்ன அவ்வளவு அவசரம்?

சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். ஹோல்ம் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். “அது பயணத்துக்குக் காரணம். கல்லுக்குக் காரணமில்லை. வழக்குப் பதிந்தால் அந்த அனுமதியையும் அமைச்சு மறுபடி பார்க்கும், இவனிடம் சொல்லும்.”

தவராஜா சொன்னார். நிர்மலன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மேசையில் சரிந்திருந்த தவராஜாவின் கை தற்செயலாகக் கல்லில் பட்டது. இப்போதுதான் யாரோ எழும்பிப்போன கதிரைபோல் இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் கிடந்த துணியையும் தொட்டார். காய்ந்து மொறுமொறுத்தது.

மணி 9.27. பௌதிக வாத்தியாருக்கு விடை அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் அவர் பேசவில்லை. மொழிபெயர்ப்பாளன் தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்பது விதி. பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை விமானத்தில் திரேசா வரமாட்டாள். நாமிருவரும் பழையபடி ஒரே வாங்கில் உட்கார்ந்து தபாலுக்குக் காத்திருப்போம். நான் என்ன குற்றம் செய்தேன்?

ஹோல்ம் குறிப்புக் கொப்பியை மூடினார். ப்ரேபன் எழும்பி நிர்மலனின் தோளைத் தொட்டார். “ஆட்டத்துக்கு முன், கல் வழுக்கிப் போகும்படி பனியில் நீர்ப்பொட்டுத் தெளிக்க இவனை விடுவதாக இருந்தேன். முதுகில் தொட்டியைப் போட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்து தெளிக்க வேண்டும். இவனைப்போல் சீராகத் தெளிக்கிற கையை நான் கண்டதில்லை. நேற்றுப் பின்னேரம்தான் எல்லாருக்கும் சொன்னேன்.”

ஊரில் வயலுக்கு மருந்தடித்த கைக்கு அது ஒரு வேலையா என்று தவராஜா கசப்போடு நினைத்தார். அப்போது கதவருகே ஹென்ரிக்கின் முகத்தைக் கண்டார். நிர்மலனின் தோளில் கிடந்த கிழவரின் கையையே அது பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைத் தவராஜா நன்றாக அறிவார். பத்து நிமிடமாக அதையேதான் அவரும் சுமந்துகொண்டிருந்தார். வெளியில் நின்று பார்த்தால் அது இவ்வளவு அசிங்கமாக இருக்குமென்று அவர் நினைக்கவில்லை.

“ஹோல்ம், இது மொழிபெயர்ப்பில்லை. நான் சொல்கிறேன்,” என்றார்.

“உமக்கு அனுமதியில்லை.”

“தெரியும். ப்ரேபன், இந்தக் கல் இரவெல்லாம் பனியில் கிடந்தால், இவ்வளவு சூடேற எவ்வளவு நேரம் வேண்டும்?”

“இருபது கிலோக் கருங்கல். இரவு முழுக்க வேண்டும்.”

“ஒன்றரை மணி நேரத்தில்?”

“நடவாது. தொட்டால் விறைக்கும், வியர்த்தும் கொட்டும். சுற்றிய துணி ஊறி...” கிழவர் துணியை எடுத்துப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது.

“அப்படியானால் கல் நேற்றிரவே தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. இரவில் சாவி இருந்தது ஹென்ரிக்கிடம். எண்ணிக்கையில் பிழைவிட்டேன் என்று அவர் இனிச் சொல்லலாம். ஆனால் ஏழு மணிக்குப் பனியில் குனிந்து சிவப்பு ஏழைக் கையால் துடைத்தேன் என்றாரே? அந்த நேரம் சிவப்பு ஏழு தொட்டிக்குப் பின்னால் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. சூடாயிருக்கிறது என்று காலையிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எவ்வளவு நேரத்தில் சூடானது என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.”

ஹோல்ம் திரும்பினார். ஹென்ரிக் மறுக்க முயன்று, விட்டுவிட்டான்.

“பன்னிரண்டு வருடம்,” என்றான் ப்ரேபனிடம். “பன்னிரண்டு வருடம் உமக்குத் தண்ணீர் சுமந்தேன். இறுதி ஆட்டத்துக்குத் தெளிக்க ஒருநாளும் என்னை விட்டதில்லை. நேற்று வந்த துப்புரவுக்காரனுக்குக் கொடுத்தீர்.”

ப்ரேபன் துணியை மடித்து மேசையில் வைத்தார்.

10.10. நடைபாதையில் இருவரும் நின்றார்கள்.

“அவன் ஏன் அண்ணை அப்பிடிச் செய்தவன்?”

“எரிச்சல். எனக்கும் வந்தது, தம்பி. கல்லைத் தொட்டவுடனேயே விளங்கிட்டுது. பேசாமல் இருந்தன். உம்மை மாட்டவிடப் பாத்தன்.”

நிர்மலன் சுவரில் சாய்ந்தான். பிறகு, “அதுக்குத்தான் நானும் மறைச்சனான்,” என்றான்.

தவராஜாவுக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது. “ஞானேஸ்வரிக்குத் தெரியுமோ?”

கொழும்பு லொட்ஜில் திரேசாவும் ஞானேஸ்வரியும் ஒரே அறை. இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

“இல்லை. விடியப்புறம் சத்தமில்லாம வெளிக்கிடச் சொல்லியிருக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை விடியக் கண்விழித்து, பக்கத்துக் கட்டில் வெறுமையாய்க் கிடப்பதைப் பார்க்கப்போகிறவளை நினைத்தார். இன்று தன் நெஞ்சில் எரிந்தது அவளுக்கும் எரியும். பேசி ஆற அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

“இண்டைக்கே சொல்லச் சொல்லும். திரேசாவே வாயால சொல்லட்டும்.”

“கண் பட்டா அண்ணை?”

“எங்கட கண்ணுக்கு அவ்வளவு பலம் இருந்தா என்ர ஃபைல் எப்பவோ நகர்ந்திருக்கும்.”

நிர்மலனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தவராஜா அவனைக் கூட்டிக்கொண்டு போய், கொழும்புக்கு ஒரு கோல் எடுக்கலாமா என்று ப்ரேபனைக் கேட்டார். கிழவர் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். லொட்ஜின் இலக்கம் இருவருக்கும் மனப்பாடம். சுழற்றியது தவராஜாதான்.

முதலாளி எடுத்ததும், “திரேசாவையும் ஞானேஸ்வரியையும் கூப்பிடுங்கோ,” என்றார். “இரண்டு பேரையும் சேர்த்து.”