ஆமை மெத்தை

"அக்கா, ஒரு நாள் மட்டும் எங்கம்மாவும் உள்ள வந்து உக்காரட்டுமா?"

"அம்மாங்க எல்லாம் வெளியிலதான். பெஞ்சு எதுக்குப் போட்டிருக்கு?"

"பெஞ்சுல உக்காந்தா கதை கேக்காதே. எல்லாத்தையும் நான்தான் வீட்டுல போய்ச் சொல்ல வேண்டியிருக்கு. பாதி மறந்துபோகுது."

"அப்ப உங்கம்மாவுக்கு நீதான் கதையக்கா. நல்லதுதானே?"

"ஒரே ஒரு நாள்க்கா."

"சரி, அடுத்த வாரம் பாப்போம். இப்ப இருமாம போய் உக்காரு."

மறுக்க மனமில்லாத பெரியவர்கள் சொல்லும் 'பாப்போம்' அது. ஆறு வயதுக்கு அது எப்படித் தெரியும்? முகமெல்லாம் சிரிப்பாகப் போய் ஆமைப் படம் தைத்த வட்ட மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. இருமல் காய்ச்சலானது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் நான்கே நாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. நூலகத்தின் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு, பிள்ளைகள் வாயில் 'கதையக்கா', இந்தப் பேச்சு மட்டும் ஒரு சொல் குறையாமல் நினைவிருந்தது. சனிக்கிழமை காலையில் அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் காதில் விழுவது அதுதான்.

அன்றைக்கும் விழுந்தது. இந்த அறையில் அது கடைசிக் கதை நேரம். திங்கட்கிழமை லாரி வருகிறது. குழந்தைகள் பகுதி புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பாதி அலமாரிகள் காலி. இத்தனை வருடமாகப் புத்தகங்கள் மறைத்திருந்த சுவரில் ஈரம் பூத்திருந்தது.

புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டர் அண்ணன் கயிறும் கையுமாக வந்து நின்றார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா? நான் கட்டக் கட்ட நீ அவுத்துக்கிட்டே இருக்கே."

"நான் எதை அவுத்தேன்?"

"யாரும் உக்கார்றதில்லையேன்னு அந்த ஆமையை நேத்தே மூட்டைக்குள்ள வச்சு இறுக்கிக் கட்டினேன். இப்பப் பாரு, ஜன்னல் ஓரத்துல அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. பேருதான் ஆமை, ஓட்டம் முயலை மிஞ்சுது!"

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி போய்விட்டார். கதையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையைப் பார்த்தாள். முடிச்சு போட்டது போட்டபடியே இருந்தது.

அறைக்குள் லேசாக இருமல் மருந்தின் இனிப்பு வாசம்.

பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது அவள் போட்ட விதி. பிள்ளை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள். அப்பாவின் போன் அடிக்கும். கதை நடுவில் யாராவது தலைமுடியைச் சரிசெய்வார்கள். கண்ணாடிக் கதவை அவள் சாத்திய பிறகுதான் வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தன. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் "புரட்டு!" என்று கத்தினால்தான் அவள் பக்கத்தைப் புரட்டுவாள். ஆமை மெத்தைக்காரி மட்டும் எப்போதும் ஒரு நொடி பிந்துவாள். படத்தில் இருக்கிற எறும்பைக்கூட விடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். "சீக்கிரம்டீ" என்று மற்ற பிள்ளைகள் பல்லைக் கடிக்கும்.

அவள் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை. பிள்ளைகள் கத்தி ஓய்ந்தன. ஒரு நொடி.

"புரட்டு."

கதையக்காவின் கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. அவற்றுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் புதிதாய்ச் சேர்ந்த மூன்று வயதுக் குட்டி ஒன்று ஆமை மெத்தையில் உட்காரப் போய், சட்டென்று எழுந்து, "இங்க ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு மெத்தைக்குப் போனது.

அன்றிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லை.

ஆமை மெத்தைக்காரியின் அம்மாவும் வராமல் இருந்ததில்லை. சனிக்கிழமைதோறும் பெஞ்சின் கோடியில், மடியில் மகளின் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள். மற்ற அம்மாக்கள் முதலில் ஆறுதல் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் இடம் விட்டு உட்காரப் பழகிக்கொண்டார்கள். கதையக்கா ஒருநாளும் அவளிடம் போய்ப் பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

பதினொரு மணிக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தன. மிச்ச மெத்தைகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வீட்டுக்கு வழி மறந்துபோன ஒரு குட்டி மேகத்தின் கதையை அவள் எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்பது குரல்கள். பிறகு ஜன்னல் ஓரத்திலிருந்து அந்தப் பத்தாவது.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் வந்தது.

"புரட்டு!" என்றன பிள்ளைகள்.

அவள் காத்திருந்தாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி.

பத்தாவது குரல் வரவில்லை.

"அக்கா, புரட்டுங்க! கை வலிக்குதா?" என்றான் ஒரு வாண்டு.

சுவரோரம் சரசரவென்று ஒரு சத்தம். அடுக்கின் உச்சியிலிருந்த யானை மெத்தை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தது அங்கேயே கிடக்கவில்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்து, பாரம் தாங்காமல் நின்று நின்று இழுப்பதைப்போல, தரையைத் தேய்த்துக்கொண்டு ஆமை மெத்தையின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றது.

"ஐ, யானை வழுக்குது!" பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

கதையக்கா புத்தகத்தை மடியில் இறக்கி வைத்தாள். "மேகம் வீட்டுக்குப் போச்சா இல்லையான்னு நீங்களே யோசிச்சு, புது ரூமுக்கு வந்து எனக்குச் சொல்லணும். சரியா?"

"போங்குக்கா இது!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் செருப்பைத் தேடி ஓடின. காலடிச் சத்தங்கள் படியிறங்கிப் போயின.

அறை அமைதியானது.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள், ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"திங்கக்கிழமை மாத்துறாங்களாமே?"

"ஆமாங்க."

"அவளுக்குப் புது இடம் தெரியாதே."

கதையக்கா ஜன்னல் ஓரம் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"இந்தக் கண்ணாடி வழியா உங்க குரல் கேக்காது. பசங்க அவ்வளவு கத்துறாங்களே, அதுவும் கேக்காது. அவ சொல்ற 'புரட்டு' மட்டும் எனக்குக் கேக்கும். அதுக்குத்தான் வர்றேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா நின்னுபோயிடுமோன்னு பயம்." அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் கடைசியில அவ சொல்லலையே. நின்னுபோச்சோன்னு எனக்கு உசிரே இல்ல. அதான் எழுந்து வந்துட்டேன்."

ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஆனாலும் கதையக்காவின் மடியிலிருந்த புத்தகத்தின் கடைசித் தாள் மெல்லப் படபடத்து, புரளாமல் மறுபடி படிந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் சொன்னா," என்றாள் அம்மா. குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது. "'அக்காகிட்ட கேட்டிருக்கேம்மா. பாப்போம்னு சொல்லியிருக்காங்க. நீயாப் போய்க் கேட்டுடாத, நானே கேட்டு வாங்கித் தர்றேன்'னு. அவ பேச்சை மீறக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன்."

கதையக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆமையும் யானையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. ஆமை மெத்தையின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். யானை மெத்தை மட்டும் உப்பலாக, காலியாக இருந்தது. இருமல் மருந்து வாசம் இப்போது அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

அம்மா பாட்டிலைக் கீழே வைத்தாள். கையெடுத்துக் கும்பிடப் போகிறவள்போல இரண்டு கைகளையும் சேர்த்தாள்.

"ஒரு நாள் மட்டும்... நானும் உள்ள வந்து உக்காரட்டுமா?"

ஒரு நொடி.

"உக்காரட்டும்க்கா."