எந்த நிம்மதி?

நாகரசம்பட்டி நாராயணப்பன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்த வீட்டுக்கு அழைப்பு வராமல் போகமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அவருடைய இளைய மகள் செல்லிக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா ராஜாத்தி தை மாதம் கல்யாணமாகி, ஓசூரைத் தாண்டிப் பாகலூருக்குப் போனாள். அங்கே வீட்டுப் பேச்சு தெலுங்கு. அவள் போனதிலிருந்து யார் பின்னிவிட்டாலும் செல்லியின் சடை கோணலாகவே இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் மாங்காய் ஏற்றிப்போகப் பாகலூர் வண்டிக்காரர் திம்மராயன் வந்தார்.

"எம் பொண்ணு எப்படி இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"மீ அம்மாயி இப்புடு நெம்மதிகா உந்தி," என்றார் திம்மராயன்.

அப்பா மீசையைத் தடவினார். "கேட்டியா வெள்ளையம்மா? நிம்மதியா இருக்காளாம். நம்ம வீட்டுப் பொண்ணாச்சே."

அம்மாவும் சிரித்தாள். செல்லி சிரிக்கவில்லை. போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, பக்கத்து வீட்டுக் கங்கம்மா தெலுங்கில் இதையேதான் கேட்டாள்: "நெம்மதிகா உந்தா?" உடம்பு தேவலையா என்று அர்த்தம்.

"அக்காவுக்கு ஜொரமா மாமா?"

"அவுனு தல்லி. ஆமா, பெரிய ஜொரம்," என்றார் திம்மராயன், அரைகுறைத் தமிழில். "செல்லி, செல்லின்னே பொலம்புச்சு. இப்பத்தான் எழுந்து ஒக்காருது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலைப்பாகையைக் கழற்றினார், மறுபடியும் கட்டினார்.

"அழைப்பு வரலையே," என்றார் மெதுவாக.

"அக்காதான் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காளே. என்னை," என்றாள் செல்லி. "நான் போறேன். நீங்க தொணைக்கு வாங்கப்பா."

அப்பா அவளையே பார்த்தார்.

"ஆமா. அழைப்புதான் அது," என்றார். "வெள்ளையம்மா, என் வெள்ளை வேட்டிய எடு. திம்மராயா, வண்டியில எடம் இருக்கா?"

"மாங்கா மேல ஒக்காராம இருந்தா இருக்கு."

பாகலூரில் ராஜாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். செல்லி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நிம்மதியா இருக்கியாம்மா?"

"தெலுங்குலயா, தமிழ்லயான்னு கேளுங்கப்பா," என்றாள் செல்லி.

ராஜாத்தி அதற்குள் தங்கையை முன்னால் உட்காரவைத்து, கோணல் சடையை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

"தெலுங்குல போன வாரமே வந்துருச்சுப்பா," என்றாள். "தமிழ்ல இப்பத்தான்."