அறுபத்துமூன்று மூச்சு

மேலப்பாலத்துக்கு முன்னால் ஒற்றைப் பெட்டி ரயில் நின்றதும் உள்ளே பேச்சு தானாக அடங்கியது. ஜன்னல்களின் இரும்பு இமைகள் பாதி இறங்கின. நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு தாய் தன் மகளைப் பார்த்து, "மூச்ச அடக்காத பாப்பா, சாதாரணமா விடு" என்றாள். கூரையில் பதித்திருந்த மூச்சுணரி நீல நிறத்தில் ஒளிர்ந்தது. கதவுக்கு மேலிருந்த பலகையில் எண் வந்தது: 63. பாலத்தின் முனையில் நின்ற வடகரைச் சிப்பாய் தன் கருவியில் அதே எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தான். ரயில் ஆற்றைக் கடந்தது.

இந்தப் பாதையைப் போட்ட வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு ஆறு ஒரு எல்லையாக இருக்கவில்லை. தென்கரையில் கருங்கல் மலை குறுக்கே வந்தது. அதைக் குடைவதைவிட ஆற்றைத் தாண்டி வடகரைச் சமவெளியில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருவது சுலபம் என்று இரண்டு பாலங்களைக் கட்டினார்கள். கொம்பாடி, மணலூர்க்கரை, இரும்புலி என்று இடையில் மூன்று நிலையங்கள். இரண்டு தலைமுறைக்கு முன்பு தண்ணீர்ச் சண்டையில் ஆற்றின் இரு கரைகளும் இரண்டு நாடுகளாயின. மொழி ஒன்று, சாமிகள் ஒன்று, பகை மட்டும் புதிது. தென்கரை நாட்டின் மேற்கையும் கிழக்கையும் சேர்க்க வேறு வழி இல்லாததால், இந்த ரயில் மட்டும் அந்நிய மண்ணில் எந்த நிலையத்திலும் நிற்காமல் ஓட அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: மேலப்பாலத்தில் நுழைந்த மூச்சுகளின் எண்ணும் கீழப்பாலத்தில் வெளியேறும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை மூச்செண் என்றார்கள்.

சூசை ஜன்னலின் பாதி இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தார். அவர் கொம்பாடியில் பிறந்தவர். செங்கல் வைத்து அடைத்த நிலையத்தைத் தவிர அங்கே இப்போது பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் குனிந்தார். லாரி எஞ்சின்களோடு வாழ்ந்து கெட்டுப்போன நுரையீரல். மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் பெட்டி. கிழக்கே பெரியதுறை மருத்துவமனையில் நுரையீரல் கழுவ மகள் ரெஜினா அவரை அழைத்துப் போகிறாள். மேற்கே கல்மேட்டுக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் ரெஜினாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைத் தவிர அவளுக்கு யாருமில்லை.

"குனியாதப்பா, இருமல் வரும்."

"வந்தா வரட்டும். என் ஊரு."

வெயிலில் தண்டவாளம் நெளிந்திருந்ததால் ரயில் சைக்கிள் வேகத்தில் ஊர்ந்தது. கொம்பாடி தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. இளம்பெண் ஒருத்தி இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை வளைத்தாள். கீழே ஈரம் பரவியது. பக்கத்திலிருந்த அவள் கணவன், "திலகா, திலகா" என்று அழைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாமல் நின்றான்.

ரெஜினா எழுந்து போய் அவள் வயிற்றைத் தொட்டாள். புடவைக்குள் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"எத்தனை மாசம்?"

"ஒம்பது முடியப் போகுதுக்கா. ஆறுன்னு சொல்லி ஏறிட்டோம்" என்றாள் திலகா. "எங்கம்மா பெரியதுறையில இருக்கு. கல்மேட்டுல ஆஸ்பத்திரி ஏது?"

வண்டிக் காப்பாளர் இளவழுதி ஓடி வந்தார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "இந்த வண்டியில பிள்ளை பெறக் கூடாதும்மா."

"அது உங்களைக் கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் ரெஜினா.

திலகாவின் கணவன் வீரமணி காப்பாளரின் கையைப் பிடித்தான். "சார், பச்சைக் குழந்தை சார். பாத்தாலே தெரியாதா? இப்பப் பிறந்ததுன்னு சொன்னா விட மாட்டாங்களா?"

"முதல்ல எல்லாம் விட்டாங்க தம்பி. அப்புறம் என்னாச்சு, வடகரையில பஞ்சம் வந்தப்போ அங்கத்துத் தாய்மாருங்க வண்டி மெதுவாப் போற இடத்துல பிள்ளைகளை ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டாங்க. எங்கயாவது பொழைச்சுக்கட்டும்னு. அதுலேருந்து பிறப்பை ஒத்துக்கறதே இல்லை. சாவையும் ஒத்துக்கறதில்லை, எவனோ ஒரு பொணத்தை உக்கார வச்சிட்டு எறங்கி ஓடினான். இப்ப மூச்சு மட்டும்தான் கணக்கு. ஒண்ணு குறைஞ்சா மொத்த வண்டியும் முகாமுக்குப் போகும். ஒண்ணு கூடினா ஒண்ணை எடுத்துக்குவாங்க."

"யாரை?"

"ஒப்பந்தத்துல அது இல்லை. யாரையாவது." இளவழுதி குரலைத் தாழ்த்தினார். "வழக்கமா சின்னதைத்தான் தூக்குவாங்க. அது எதிர்த்துப் பேசாது."

திலகா வலிக்கு நடுவே தலையைத் தூக்கினாள். "நானும் கூடவே எறங்கிக்கிறேன்."

"நீயும் போனா அறுபத்திரண்டு. ஒண்ணு குறையும்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் கேபினுக்குப் போறேன். நான் எதையும் பாக்கலை. எனக்கு எதுவும் தெரியாது."

வடகரை எடுத்துக்கொண்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சின்னதைத்தான் எடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் தெரியும். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை இறக்கிக்கொண்டு போனார்கள். மகளை மடியில் வைத்திருந்த தாய் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அந்த மௌனத்தில் சூசையின் ஆக்சிஜன் பெட்டி 'உஸ்' என்று இழுத்து விடும் சத்தம் தனியாகக் கேட்டது. ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருவர்.

ரெஜினா அதைக் கவனித்தாள். கவனித்ததால்தான் திலகாவை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பி வந்தாள். ஆனால் திலகா கத்திய கத்தலில் உட்கார முடியவில்லை.

"நீ போய்ப் பாரும்மா" என்றார் சூசை. "மாட்டுக்கு ஓடுவே. மனுசிக்குப் போக மாட்டியா? நான் எங்க போயிடப் போறேன்?"

எதிர் இருக்கையில் வெள்ளைச் சட்டை போட்ட பஞ்சு வியாபாரி ரத்தினவேல் இருந்தார். ஏறியதிலிருந்து சூசையோடு பழைய லாரிகளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர். ரெஜினா அவரிடம் சொன்னாள்: "அண்ணே, இந்த ஆக்சிஜன் பெட்டியில பச்சை விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துக்கங்க. அணைஞ்சா கூப்பிடுங்க. மறுபடி ஓட்ட அந்தத் திருகைத் திருப்பணும், அவருக்கு விரல்ல பலம் இல்லை."

"போங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

பெண்கள் இரண்டு புடவைகளைக் குறுக்கே கட்டி மறைத்தார்கள். குழந்தையின் தலை திரும்பியிருந்தது. கன்றுக்குட்டிகளுக்குச் செய்வதைப்போலவே ரெஜினா விரல்களை உள்ளே விட்டுத் தோளைத் தேடினாள். அந்த அரை மணியில் உலகத்தில் வேறெதுவும் இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. இடையில் ஒருமுறை திலகா கணவனைக் கூப்பிட்டு, அவன் கழுத்தை வளைத்து, காதில் எதையோ சொன்னாள். பயத்தில் ஏதோ சொல்கிறாள் என்றுதான் ரெஜினா நினைத்தாள். வீரமணி எழுந்து மறைப்புக்கு வெளியே போனான்.

குழந்தை நீலமாக வந்தது. ரெஜினா அதன் வாயை விரலால் வழித்து, முதுகில் தேய்த்து, மூக்கில் வாய் வைத்து ஊதினாள். மூன்றாவது ஊதலில் அது அழுதது. ஆண் குழந்தை.

அப்போது ரயில் நின்றது. கீழப்பாலம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வைத்தபடி ரெஜினா கண்களை மூடிக்கொண்டாள். மூச்சுணரி ஒளிர்ந்தது. பெட்டி முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. பாலத்தில் சிப்பாய் கை அசைத்தான் போலும், சக்கரங்கள் உருண்டன. அவள் கண்ணைத் திறந்தாள். பலகையில் 63.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கருவி பிசகிவிட்டது, கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள். "அப்பா!" என்றபடி புடவையை விலக்கினாள்.

பெட்டியில் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூசையின் மூக்கில் குழாய் சரியாகத்தான் இருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. அவர் உதடு குழந்தை வந்தபோது இருந்த அதே நிறத்தில் இருந்தது. சட்டையின் கழுத்துப் பித்தான் அறுந்து தொங்கியது. அவருடைய இரண்டு கைகளையும் யாரோ மடியில் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார்கள். மணிக்கட்டுகளில் அழுத்திப் பிடித்த தடம் சிவந்திருந்தது.

ரெஜினா வாயைத் திறந்தாள். ரத்தினவேல் அவளைப் பார்க்காமலே பேசினார்.

"இன்னும் பாலத்து மேலதாம்மா இருக்கோம். கத்தினீங்கன்னா வண்டிய நிறுத்தி உள்ள வருவாங்க. பொணத்தையும் பாப்பாங்க, உங்க கையில இருக்கறதையும் பாப்பாங்க. இந்தப் பெட்டியில பதினோரு பிள்ளைங்க இருக்கு."

கையிலிருந்த குழந்தை அவள் மார்பில் வாயைத் தேடியது. ரெஜினா வாயை மூடிக்கொண்டாள். பாலத்தின் கடைசிக் கம்பி பின்னால் போகும்வரை மூடியே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் கத்திய கத்தலுக்குப் பெட்டியில் ஒருவரும் திரும்பவில்லை.

பெரியதுறையில் அவளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. நிலைய அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "ஏறின அறுபத்துமூணு பேரோட பேரும் வடகரைக்குப் போயிருக்கும்மா. ஒரு சாவு நடந்ததுன்னு நான் எழுதினா, ஒரு பிறப்பும் நடந்ததுன்னு ஆகும். மறுநாளே பாதையை மூடிருவாங்க. மேற்குல இருக்கற ஜனங்களுக்கு மருந்து எப்படிப் போகும்? நீங்களே சொல்லுங்க."

"எங்க அப்பாவைக் கொன்னிருக்காங்க சார்."

"உங்க அப்பா உயிரோட வந்து எறங்கிட்டார்னு கருவி சொல்லுது."

சூசையின் உடலைச் சரக்குக் கொட்டகை வழியாக வெளியே எடுத்தார்கள். பங்குச் சாமியார் பெயர் சொல்லாமல் ஜெபம் செய்தார். கல் வைக்க அனுமதி இல்லை. அதிகாரிகள் குழந்தையின் பாதத்தில் மை தடவி, சூசை, வயது அறுபத்தெட்டு, லாரி மெக்கானிக், பிறந்த ஊர் கொம்பாடி என்ற பதிவில் ஒற்றி எடுத்தார்கள். அந்தப் பதிவில் பராமரிப்பவர் என்ற இடத்தில் ரெஜினாவின் பெயர் முன்பே இருந்தது.

அவள் கல்மேட்டுக்குத் திரும்பவில்லை. மறுபடி அந்த வண்டியில் ஏற அவளால் முடியவில்லை. பெரியதுறை மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை தேடிக்கொண்டு ஓர் அறையில் இருந்தாள். மழைக்காலம் தொடங்கியபோது திலகா குழந்தையோடு அங்கே வந்து நின்றாள்.

"தடுப்பூசி போட மாட்டேங்கறாங்கக்கா. அறுபத்தெட்டு வயசுக்காரருக்கு எதுக்குக் குழந்தை ஊசின்னு கேக்கறாங்க. பராமரிக்கறவங்க வந்து கைரேகை வச்சாத்தான் ஆகுமாம். பக்கத்துத் தெருவுல ரெண்டு பிள்ளைங்க தொண்டை அடைச்சுச் செத்துப்போச்சு." அவள் தரையில் உட்கார்ந்து ரெஜினாவின் காலைத் தொடப் போனாள்.

ரெஜினா காலை இழுத்துக்கொண்டாள். "அந்த விளக்கை யாரு அணைச்சது?"

திலகா குழந்தையின் துணியை இழுத்து மூடினாள்.

"ரத்தினவேலா? உன் புருசனா? சொல்லு, வரேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்." திலகா அழவில்லை. "ஆனா அவரு மாட்டேன்னுதான் நின்னாரு. நான்தான் சொன்னேன். என் பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தா உன்னோட வாழ மாட்டேன்னு காதுல சொன்னேன்."

"நான் உன் காலுக்கு நடுவுல கைய வச்சிருந்தப்போ."

"ஆமாக்கா."

ரெஜினா வெகுநேரம் குழந்தையைப் பார்த்தாள். அது கொழுகொழுவென்று இருந்தது. தான் ஊதிய மூச்சு அதற்குள் ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தாள். அதை வெறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. எழுந்து குடையை எடுத்தாள். மருத்துவமனையில் கைரேகை வைத்தாள். ஊசி போட்டார்கள். குழந்தை அழுதபோது திலகா கை நீட்டினாள்.

ரெஜினா கொடுக்கவில்லை. பதிவு மேசையில் இருந்தவரிடம் கேட்டாள்: "இவரை வச்சுப் பாத்துக்கற உரிமை யாருக்கு?"

அவர் திரையைப் பார்த்தார். "மகளுக்கு. ரெஜினான்னு இருக்கு. நீங்கதானே?"

"நான்தான். இந்தம்மா யாரு?"

"அப்படி யாரும் பதிவுல இல்லையே."

திலகா அவளுடைய முந்தானையைப் பிடித்தாள். காவலர் வந்து விரல்களைப் பிரித்தார். சாலையில் மழைக்குள் அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். அறை வாசலில் நின்று கதவைத் தட்டினாள். உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது. பண்ணையிலிருந்து கொண்டுவந்த பாலை ரெஜினா கரண்டியில் புகட்டினாள்; அது துப்பியது. இருட்டும்போது அதன் குரல் கம்மிப்போயிருந்தது. ரெஜினா கதவைத் திறந்தாள். திலகாவின் ரவிக்கை பாலிலும் மழையிலும் நனைந்திருந்தது.

"பால் குடுக்க வரலாம்" என்றாள் ரெஜினா. "குடுத்துட்டுப் போயிரணும். கூட்டிட்டுப் போற பேச்சு கூடாது. இவரு எங்க அப்பா."

திலகா உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. அவள் விரலை உருவிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. எழுந்தபோது ரெஜினா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வயசுல பெரியவரு. சொல்லிட்டுப் போ."

திலகா புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. தூங்கும் குழந்தையின் பக்கம் திரும்பினாள். உதடு இரண்டு முறை அசைந்து சத்தம் வராமல் நின்றது.

"போயிட்டு வரேன் ஐயா" என்றாள்.

ரெஜினா வழிவிட்டாள். காலையில் மறுபடி வரவேண்டிய நேரத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.