பதினான்காம் கேள்வி

வியாழக்கிழமை, பிற்பகல் 2.40.

ஹால்வர் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தின் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில், தன் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்தபடி ஹோபார்ட் லின்டல் செத்துக் கிடந்தார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையை அவர் ஜெயித்திருந்தார். கவுண்டியின் பதினோரு தண்ணீர்த் தொட்டிகளையும் ஐந்து வருடம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தம். பக்கத்து இருக்கையில் பிராந்திப் பாட்டில் சாய்ந்து நின்றது. மூடி இன்னும் அவர் கையில் இருந்தது.

உடலை முதலில் பார்த்தது ஆர்லிஸ் குவாம். கவுண்டியின் கொள்முதல் அதிகாரி, ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருடமாக டெண்டர் உறைகளைப் பிரித்துப் படிப்பவள். உறை திறக்கும் நேரமான இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்த உறையைத் தன் சொந்த மச்சான் கொண்டுவந்தபோதும் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தவள். மச்சான் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2.55. உள்ளூர்ப் போலீஸ் டெபுட்டி மெர்ல் டகெட் வந்தார். கூடவே டாக்டர். என்ன விஷம் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும், பிராந்தியில் விஷம் என்பதைப் பாட்டிலின் நாற்றமே சொல்லிவிட்டது.

"பட்டப்பகல்ல, கவுண்டி ஆபீஸ் வாசல்லயே குடிக்கிறாரா? தைரியம்தான்," என்றார் டகெட்.

"தினமும் இல்ல மெர்ல்," என்றாள் ஆர்லிஸ். "டெண்டர் ஜெயிச்சா மட்டும் வண்டிக்கு வந்து ஒரு வாய் குடிப்பாரு. தோத்தா பாட்டிலத் தொடவே மாட்டாரு. ஏழு வருஷமா இதே பாட்டில், இன்னும் பாதி இருக்கு. எத்தனை தடவை ஜெயிச்சிருப்பார்னு நீங்களே பாத்துக்கோங்க."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்த ஊர்ல பிரஷ் பிடிச்ச அத்தனை பேருக்கும். வண்டியையும் பூட்ட மாட்டாரு."

டகெட் குறிப்பேட்டை மூடிவிட்டார். அவர் மனதில் வழக்கு முடிந்துவிட்டது. இரண்டாவது இடம் வந்தவர் ஒடெல் ப்ரோய்ஸ். முடிவைப் படித்ததும் கூடம் அதிர, "நீ அந்த ஏணில ஏறுறத நான் பாக்குறேன்டா!" என்று ஹோபார்ட்டைப் பார்த்துக் கத்தியிருந்தார். பதினான்கு பேர் காதாரக் கேட்டார்கள்.

3.15. ஒடெல் ஒற்றை ஆள். அவரே முதலாளி, அவரே மேற்பார்வையாளர், அவரே கூலி. நாலாவது முறையாகத் தோற்று, பெயின்ட் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைல எங்க இருந்தீங்க?" என்றார் டகெட்.

"வீட்டுல. தனியா."

"பிராந்தி விஷயம் தெரியுமா?"

"தெரியாம? ஒவ்வொரு தடவையும் என் கண்ணு முன்னாடிதானே குடிச்சுத் தொலைப்பான்."

"அவரு செத்தா வேலை உங்களுக்குத்தானே?"

ஒடெல் நிமிர்ந்து பார்த்தார். "இல்லையே. அந்தச் சேர்ப்புத் தாள்லதான் போட்டிருக்கே. படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

டகெட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்குள் ஒடெலைக் காவலில் எடுத்துவிட வேண்டும் என்று தன் மேலதிகாரி ஷெரீஃபிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். காவலில் போனவனுக்கு இந்த ஊரில் அப்புறம் ஒரு வேலியைக்கூட யாரும் பெயின்ட் அடிக்கக் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் கதவோரம் நின்ற ஆர்லிஸ், ஒடெல் சொன்னதைக் கேட்டாள். தன் அறைக்குப் போய்ச் சேர்ப்புத் தாளை எடுத்தாள். டெண்டர் போடுபவர்கள் இணையப் பக்கத்தில் எழுதிக் கேட்கும் கேள்விகளும், அவள் எழுதிய பதில்களும் கொண்ட தாள் அது. கேட்டவர் யார் என்று, கவுண்டியை ஆளும் கமிஷனர்கள் வேலைக்கு ஒப்புதல் கொடுக்கும்வரை அவளுக்கே தெரியாது. பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று அப்படி ஓர் ஏற்பாடு. மொத்தம் பத்தொன்பது கேள்விகள். பதினான்காவது இப்படி இருந்தது:

'டெண்டரில் பெயர் கொடுத்த சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரை மாற்றலாமா?'

'உறை திறக்கும் முன் அவர் விலகினாலோ இறந்தாலோ டெண்டர் தள்ளுபடி ஆகும். திறந்த பின் என்றால், பத்து நாளுக்குள் சம தகுதியுள்ள வேறொருவரை நியமிக்கலாம்.'

பதிலை இரண்டு முறை படித்தாள். தாளை எடுத்துக்கொண்டு டகெட்டிடம் போனாள்.

3.50. "ஒடெல் இல்ல, மெர்ல்."

"ஏன்?"

"அவங்க டெண்டர்ல பேர் கொடுத்த மேற்பார்வையாளர் ஹோபார்ட்தான். அவரக் கொன்னு வேலையப் பறிக்கணும்னா ரெண்டு மணிக்கு முன்னாடி கொன்னிருக்கணும். அப்பத்தான் டெண்டர் செல்லாது. ஒடெல் இந்தத் தாளப் படிச்சவரு. ஜெயிச்சாத்தான் திறக்கிற பாட்டில்ல அவரு எதுக்கு விஷம் வைக்கணும்?"

"பின்ன யாரு வச்சது?"

"ஹோபார்ட் ஜெயிக்கணும், ஜெயிச்ச பிறகு சாகணும். அப்படி ஒருத்தருக்குத்தான் அந்தப் பாட்டில் பிரயோஜனம். இந்தக் கேள்வியக் கேட்டது யாருன்னு யோசிங்க. ஒடெலோட டெண்டர்ல மேற்பார்வையாளரே ஒடெல்தான். தன்னையே மாத்தலாமான்னா கேப்பாரு? மூணாவதா டெண்டர் போட்ட அயோவா மாநிலத்துக்காரங்க பேர் பதிஞ்சதே கேள்வி நேரம் முடிஞ்ச பிறகு. ஹோபார்ட்டுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது."

மிச்சம் ஒருவன்தான். கெய்ல் ப்ரீன், ஹோபார்ட்டின் கூட்டாளி. ஹோபார்ட் ஏணி ஏறுவார், கெய்ல் காகிதம் பார்ப்பான். ஆர்லிஸ் அவர்களுடைய டெண்டர் கட்டைப் புரட்டினாள். கூட்டாண்மைப் பத்திரத்தின் நகல் உள்ளேயே இருந்தது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்கு. அடுத்த மாதம் தன் பங்கை மகள் பெயருக்கு மாற்றப்போவதாக ஹோபார்ட் உறை திறக்கும் முன் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

"யூகம்தானே? இத வச்சு நான் என்ன பண்றது?" என்றார் டகெட்.

"அவன கூப்பிடுங்க. நான் பேசுறேன்."

4.20. கெய்ல் வந்தான். கண் சிவந்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டான். தோளில் தோல் பை. ஆர்லிஸ் அவனுக்கு ஒரு கோப்பை காபி கொடுத்தாள்.

"கெய்ல், இந்த நேரத்துல இதக் கேக்கக் கூடாது. ஆனா அஞ்சு மணிக்குக் கமிஷனர்கள் கூடுறாங்க. மேற்பார்வையாளர் இடம் காலியா இருந்தா ஒடெல் ஆட்சேபம் எழுதுவாரு. மாற்று ஆள் காகிதம் கையில இருந்தா இன்னைக்கே ஒப்புதல் வாங்கிடலாம். இல்லேன்னா என் கையில இல்ல."

கூட்டம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் டெண்டர்காரனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

கெய்ல் ஒரு நொடி தயங்கினான். ஆனால் வாழ்க்கையில் ஒரு காகிதத்தையும் பிந்திக் கொடுத்தவன் இல்லை அவன். பையின் ஜிப்பைத் திறந்தான்.

"டுலூத் நகரத்துல ஒருத்தர் இருக்காரு. வென்டல் ஹார்ப். சான்றிதழ் இருக்கு. ஹோபார்ட்டுக்குத் துணையா வைக்கலாம்னு பேசி வச்சிருந்தேன்."

ஆர்லிஸ் காகிதத்தை வாங்கி நேரமுத்திரை இயந்திரத்தில் நுழைத்தாள். 4.26. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"துணையான்னு இதுல இல்லையே, கெய்ல். 'காலமான ஹோபார்ட் லின்டலுக்குப் பதிலாக'ன்னு டைப் அடிச்சிருக்கு."

"ஆமா... மத்தியானம் அடிச்சேன். வண்டியிலயே."

"கீழ நோட்டரி முத்திரை இருக்கு. நோட்டரி உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டாங்க, ஆனா தேதி போடாம முத்திரை வைக்க மாட்டாங்க." தாளை டகெட் பக்கம் திருப்பினாள். "செவ்வாய்க்கிழமை. ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஹோபார்ட் காலமாயிட்டாரா?"

டகெட் எழுந்து கதவை மறித்து நின்றார். கெய்ல் காபியைக் கீழே வைத்தான். அழுத முகம் எங்கோ போய்விட்டது, கணக்குப் பார்க்கும் முகம் வந்துவிட்டது.

"தோத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது," என்றான். ஏதோ சலுகை செய்தவன் மாதிரி. "பாட்டில் அப்படியே கிடந்திருக்கும். நான் எடுத்துக் கொட்டியிருப்பேன்."

"வாடா எழுந்து," என்றார் டகெட்.

விலங்கு மாட்டும்போது கெய்ல் ஆர்லிஸைத் திரும்பிப் பார்த்தான். குரலில் கோபம்கூட இல்லை.

"நான் கேள்விதானே கேட்டேன். 'மாத்தக் கூடாது'ன்னு நீங்க எழுதியிருந்தா எனக்கு அவன் அஞ்சு வருஷமும் உயிரோட வேணும். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்திருப்பேன்."

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பதிலில் ஒரு சொல்லும் தப்பில்லை. சட்டப்படி அதைத்தான் எழுதியிருக்க வேண்டும், நாளைக்கு வேறொருவர் கேட்டாலும் அதையேதான் எழுத வேண்டும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் தாளை எடுத்துப் பதினான்காவது பதிலை மறுபடி படித்தாள்.

4.50. ஒடெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். தன்னை யார் காப்பாற்றியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஆர்லிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஜெயிச்ச கம்பெனில ஒருத்தன் பிணம், ஒருத்தன் ஜெயில். அப்போ வேலை எனக்குத்தானே?"

அவள் விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஜெயித்த கம்பெனியே வேலை செய்ய முடியாமல் போனால் அடுத்த இடத்துக்கு வேலை போகும் என்ற விதி பக்க எண் உட்பட மனப்பாடம்.

"ஆமா ஒடெல், உங்களுக்குத்தான்."

ஒடெல் முகம் மலர்ந்துபோயிற்று. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வராந்தாவில் அவர் யாருக்கோ போன் செய்து சிரிப்பது கதவு வழியாக நன்றாகக் கேட்டது.