ஒசுகியின் ஊர்க்கம்பம்

முதல் மூன்று ஊர்களில், எல்லையில் நின்று வருவோர் போவோரைக் கணக்கெடுக்கும் ஊர்க்கம்பம் பேசவில்லை. மூடிய ஊர்கள். குழாயில் தண்ணீர் இல்லை, வயல் முழுக்க நாணல். ஒசுகி எல்லையில்தான் பச்சை விளக்கு எரிந்தது. "விருந்தாளியா, ஊர்க்காரரா?" என்று கம்பம் கேட்டது.

"விருந்தாளி" என்றேன். தண்ணீர் வந்தது.

ஜப்பான் மலைக்கிராமங்களைச் சைக்கிளில் சுற்ற வந்தவள் நான். திண்டுக்கல்லில் பிறந்து, ஐந்து நாடுகளில் வேலை பார்த்து, எங்கும் ஒட்டாமல் கிளம்பியவள். காலில் சக்கரம் என்று அம்மா திட்டுவாள். திட்டட்டும்.

ஒசுகியில் சிசாதோ என்ற பெண் மட்டும் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கேட்காமலே நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். என் காதிலிருந்து மொழிபெயர்க்கும் செவிமொழிக் கருவி அவளைத் திண்டுக்கல்காரியாகவே பேச வைத்தது.

"தங்கச்சி போன மாசம் ஒசாகாவுக்குப் போயிட்டா. ரெண்டு பேராவது இல்லேன்னா ஊரை மூடிடுவாங்க. இன்னைக்குக் கம்பத்துல போடுற சாயங்காலப் பாட்டோட கரன்ட், தண்ணி, ரோடு எல்லாம் நின்னுடும்."

"நீங்க எங்கக்கா போவீங்க?"

"பட்டணத்துல பதினேழாவது மாடி. என் கத்தரிச்செடிக்கு அங்க என்ன வேலை சொல்லுங்க!" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் கடல். சைக்கிளில் ஏறி, "வயிறு நிறைஞ்சுதுக்கா, போயிட்டு வர்றேன்" என்றேன்.

வேறு என்ன வரும் வாயில்? சாவு வீட்டில் சொல்லாமல் கிளம்புவோம். மற்ற வீடுகளில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். செவிமொழி அதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னது. அந்த நாட்டில் விருந்தாளி அப்படிச் சொல்வதில்லையாம். வீட்டு மனிதர்கள்தான் போய் வருகிறேன் என்பார்களாம்.

கம்பம் உடனே அறிவித்தது: "ஊர்க்காரர் வெளியே செல்கிறார். பாட்டு முடிவதற்குள் திரும்ப வேண்டும். ஒசுகியில் இருவர்."

சிசாதோவின் கையில் கிண்ணம் அசையாமல் நின்றது.

"ஐயோ, நான் பழக்கத்துல சொல்லிட்டேன்."

"தெரியும். விருந்தாளிதான், போறேன்னு கம்பத்துக்கிட்ட சொல்லுங்க, மாத்திடும்."

அவள் கெஞ்சவில்லை. "கணவாய்ல மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். அவள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை.

மதியம் முழுக்கத் தேயிலைச் சரிவுகள், ஆற்றுப் பாலங்கள், நீளமான சுரங்கப்பாதை. எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆளில்லாக் கடையில் எடுத்த சீமைப்பனிச்சைப் பழத்தைப் பாதி கடித்து எறிந்தேன். எரிச்சல் அவள்மேல்தான். கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனே!

கணவாயில் கடல் தெரிந்தது. அங்கிருந்த கம்பம் கேட்டது: "ஒசுகி ஊர்க்காரர். பதிவை நீக்கவா?"

'போறேன்' என்ற ஒரே ஒரு சொல்தான். வாயைத் திறந்தேன். "போ..." என்பதற்கு மேல் வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஊர் இருட்டுவதை நினைத்தால் நாக்கு புரளவில்லை. வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

இறக்கம் முழுக்கப் பிரேக் கிறீச்சிட்டது. கடைசி வளைவுக்கு முன்னாலேயே பாட்டு தொடங்கிவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன். எல்லையில் சிசாதோ காலடியில் ஒரு மூட்டையோடு, வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"வந்துட்டேன்!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். "வந்துட்டீங்களா" என்றாள். பாட்டு முடிந்தது. தெருவிளக்குகள் அணையவில்லை.

சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். மூச்சு வாங்கியது.

"நாளைக்குக் கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?" என்று அவள் கேட்டாள். மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை.

குனிந்து முடிச்சை நானே அவிழ்க்கத் தொடங்கினேன். கால் மட்டும் பரபரத்துக்கொண்டே இருந்தது.