விடைக்கேற்ற விளக்கம்

'தலையிழந்த குதிரை மேடையை மூடும்' என்ற குறிப்புக்கு மரகதவல்லி 'தரை' என்று எழுதினாள். நிலவின் தென்முனையில் இருந்த வெண்குடி என்ற குடியிருப்பின் உணவுக்கூடத்தில் அன்று கூடியிருந்த இருநூறு பேருக்கும் அது தவறு என்று தெரியும். குதிரையின் முதல் எழுத்தை எடுத்தால் திரை. மேடையை மூடுவதும் திரை. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பதினோரு வருடமாகக் குறுக்கெழுத்துப் போட்டியில் தோற்காதவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினாள். புதிரை அமைத்தவரும் அத்தனை வருடமும் அவளோடு சண்டை போட்டவருமான தில்லைநாயகத்தை ஊர் முன்னால் மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நோக்கம் இல்லை.

நடுவராக இருந்தது பொருள்விரிப்பான். குறிப்பையும் விடையையும் சேர்த்துக் கொடுத்தால், இதிலிருந்து அது எப்படி வந்தது என்று படிப்படியாகச் சொல்லும் இயந்திரம். அதற்குப் பாடம் சொன்னவள் மரகதவல்லியேதான். தன் புதிர்க் குறிப்பேடுகள் அத்தனையையும் ஊட்டியிருந்தாள். புதிர் போடுகிற எவருக்கும் உள்ள பழக்கம் அதில் அப்படியே இருந்தது. ஓரிரு எழுத்து கட்டத்தில் விழுந்ததும் விடையை ஊகித்து எழுதிவிடுவது, காரணத்தைப் பிறகு ஆற அமரத் தேடுவது.

இயந்திரம் சொன்னது: "தலையிழந்த குதிரை நிற்காது, விழும். விழுந்தது சேருமிடம் தரை. மேடையின் சட்டங்களை மேலிருந்து மூடுவதும் பலகைத் தரையே. விடை பொருந்துகிறது."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இவ்வளவு அழகாக முடிச்சுப் போட்டதை யாரும் பார்த்ததில்லை. கைதட்டினார்கள். தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

"விடை தப்பு. குறிப்பை எழுதினவன் நான் சொல்றேன்."

"விளக்கத்துல எங்க ஓட்டைன்னு சொல்லுங்க. விடை தப்புன்னு சும்மா சொன்னா அது ஆட்சேபணை ஆகாது" என்றாள் மரகதவல்லி. விதியை எழுதியவளும் அவள்தான்.

கூடம் சிரித்தது. தேடித் தேடியும் அவருக்கு ஓட்டை அகப்படவில்லை. குறிப்பை மட்டும் கொடுத்தால் அந்த இயந்திரம் ஊமை என்றும், விடையைக் கையில் வைத்தால்தான் வாய் திறக்கும் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். தோற்றவன் பேச்சை யார் காதில் வாங்குகிறார்கள்?

வெண்குடியை ஆண்ட எஸ்தர் ராஜமணிக்கு இயந்திரத்தை மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருவருக்கு ஏன் தண்ணீர் குறைந்தது, இன்னொருவர் ஏன் சுரங்க வேலைக்கு மாற்றப்பட்டார், எல்லாவற்றுக்கும் மறுநாளிலிருந்து விளக்கம் வந்தது. விளக்கம் கிடைத்ததும் ஜனங்கள் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்கள். மனிதர்களுக்கு நியாயம் வேண்டியதில்லை, நியாயம் மாதிரி ஒன்று இருந்தால் போதும்.

நான்காம் மாதம் வடக்குப் பிரிவின் காற்றுத்துவைப்பான் ஆறு மணி நேரம் நின்றுபோய், பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது. எல்லாரும் விட்ட மூச்சைச் சுத்தம் செய்து திருப்பித் தருவது அதுதான். பதினாறு பேர் மயங்கி விழுந்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவில்லை. குற்றவாளிக்குத் தண்டனை பூமி. மரகதவல்லி போல நிலவில் பதினேழு வருடம் இருந்து எலும்பு லேசாகிப்போனவர்களுக்குப் பூமி என்றால் மிச்ச ஆயுளுக்கும் படுக்கைதான்.

அந்தப் பொறியைப் பராமரிப்பவர் தில்லைநாயகம். பழி தன் மேல் விழும் என்று தெரிந்து அவர் முந்திக்கொண்டார். புகார் கொடுப்பவரே குற்றவாளியின் பெயரையும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம் என்பது நடைமுறை. அவர் மரகதவல்லியின் பெயரைக் கொடுத்தார்.

பொருள்விரிப்பான் திணறவேயில்லை. அன்று காலை அவள் வடக்குப் பிரிவுக்குப் போயிருந்தாள். அங்கே பதினோரு நிமிடம் நின்றாள். தில்லைநாயகத்தின் அறை அங்கேதான் இருக்கிறது. அவரை அவளுக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். முந்தின வாரம் அவள் குறிப்பேட்டில் 'மூச்சு' என்ற சொல்லை மூன்று முறை எழுதியிருந்தாள். விடை பொருந்துகிறது.

அவள் அன்று போனது நாத்தனாரைப் பார்க்க. 'மூச்சு' எழுதியது புதிருக்காக. ஆனால் இயந்திரம் சொன்ன ஒவ்வொரு தகவலும் உண்மை. ஒரு கண்ணியையாவது அறுத்துவிடலாம் என்று அவள் பழக்கப்பட்ட புத்தியோடு தேடினாள். தன் எழுத்தையே படிப்பது போலிருந்தது. அவளுக்குப் பயம் வந்தது, வாழ்க்கையில் முதன்முறையாக.

"விடை தப்பு" என்றாள்.

கூடம் அதே சிரிப்பைச் சிரித்தது.

ஆத்திரத்தில் அவள், தில்லைநாயகத்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள் என்று கேட்டாள். எந்தப் பெயரைப் போட்டாலும் அது விளக்கும் என்று காட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டாள். போட்டார்கள். வேலை நேரம், சாவி, போட்டியில் பட்ட அவமானம். அதுவும் ஓட்டையில்லாமல் பொருந்தியது.

எஸ்தர் இரண்டு விளக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் பொருந்துதுன்னா, ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணிருக்கீங்க."

இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டாள். பதினோரு வருடச் சண்டையே சந்தேகம் வராமலிருக்கப் போட்ட வேஷம் என்று இயந்திரம் விளக்கியது. அதுவரை வந்ததிலேயே அதுதான் அழகான விளக்கம். கைதட்டாதவர்கள் இல்லை.

பூமிக்குப் போகும் கலத்தில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வாரால் கட்டினார்கள். கதவு இன்னும் மூடவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலே மரகதவல்லி கேட்டாள்.

"அந்தப் பொறி எதனால நின்னுச்சு? திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. உங்க பேருதான் மொதல்ல ஞாபகம் வந்துச்சு. வேற யாராவது பாத்திருப்பாங்க."

"யாரும் பாக்கல."

வடக்குப் பிரிவிலிருந்து சங்கு ஊதியது. காற்று நின்றால் ஊதும் சங்கு. தில்லைநாயகம் வாரை இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. நின்ற பொறியைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று கத்தினார். காவலன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒலிபெருக்கியில் எஸ்தரின் குரல் பதற்றமில்லாமல் வந்தது. அனைவரும் உடனே உணவுக்கூடத்துக்கு வர வேண்டும். வரும்போது ஆளுக்கொரு பெயரை யோசித்துக்கொண்டு வர வேண்டும்.